வெள்ளைக் களத்தில் இடதுபக்கம்

திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த எண்களுக்குத் திடீரென்று பைத்தியம் பிடித்தது.

உயரம் நாற்பது மீட்டர் என்றது. மைனஸ் மூன்று என்றது. நூற்றுப் பன்னிரண்டு என்றது. பிறகு அந்த இடத்தில் வெறும் கோடு. வரைபடம் சாம்பல் பூத்துப்போனது. மிஞ்சியவை இரண்டே இரண்டு: ட்ரோனின் வயிற்றுக் கேமரா அனுப்பிக்கொண்டிருந்த படம், பாட்டரி பதினெட்டு சதவீதம் என்ற எச்சரிக்கை.

கமலவேணி 'திரும்பி வா' பொத்தானை அழுத்தினாள். கிளம்பிய இடம் எதுவென்று தெரிந்தால்தானே அது திரும்பும்? காற்று இழுத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"என்னுங்கம்மா, நம்ம கொக்கு கொல்லிமலைக்கே குடி போயிருச்சுங்களா?" என்றார் தனசேகர். விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டு, அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த சும்மா இருங்கண்ணா. அது எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியல."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது.

காரணம் இருந்தது. சேந்தமங்கலத்துக்குத் தெற்கே மரவள்ளிக் காடுகளில் தேமல் நோய் விழுந்து இலையெல்லாம் மஞ்சளித்துக் கிடந்தது. பக்கத்துக் காட்டுக்குப் பரவாமல் இருக்க வேண்டுமானால் பிடுங்கி எரிக்க வேண்டும். நிவாரணம் கேட்க வேண்டுமானால் படம் வேண்டும். ஆகவே காலையிலிருந்து கமலவேணி ஒவ்வொரு காடாகப் படம் எடுக்க, மழை வருவதற்குள் முடிக்கும் வேகத்தில் பின்னாலேயே விவசாயிகள் செடிகளைப் பிடுங்கித் தீ வைத்துக்கொண்டு வந்தார்கள். அறுபது குடும்பத்துப் பயிர் இப்போது சாம்பல். அது எப்படி இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி, ட்ரோனுக்குள் இருந்த சுண்டுவிரல் நகம் அளவு கார்டு.

பாட்டரி மாற்றும்போதே கார்டைக் கழற்றி நகல் எடுத்திருக்க வேண்டும். மேகத்தைப் பார்த்த அவசரத்தில் அவள் எடுக்கவில்லை.

பதினைந்து சதவீதம். எதிர்க்காற்றில் திரும்பி வர அது போதாது. முன்னால் எங்காவது இறக்கியாக வேண்டும். கேமராவை நேர் கீழே திருப்பினாள். தோளுயர மரவள்ளி. தென்னை. மின்கம்பி. கோழிப்பண்ணையின் தகரக் கூரை. திரையின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ நகர்ந்து உள்ளே வந்தது.

அது என்னவென்று மனசு சொல்வதற்கு முன்பே அவள் உள்ளங்கால் சொல்லிவிட்டது. சுட்டது.

சேகோ மில்லின் களம். ஈர ஜவ்வரிசியைக் காயப்போடும் மூன்று ஏக்கர் சிமெண்டுத் தரை. அதில் அவள் பதினோரு வருஷம் நடந்திருக்கிறாள். மேலே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. அப்போது யாரும் சொல்லவில்லையே.

ஆனால் அங்கே இறக்குவது ஆபத்து. பயிற்சியில் முதல் நாளே சொன்ன பாடம்: வெள்ளைத் தரையில் கேமராவுக்கு உயரம் தெரியாது. முப்பது மீட்டரும் மூன்று மீட்டரும் ஒன்று போலவே இருக்கும். வெயில் இருந்தால் ட்ரோனின் நிழலை வைத்துக் கணக்குப் போடலாம். மேகம் நிழலையும் தின்றுவிட்டது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வெள்ளையின் மேல் நூல் நூலாகக் கோடுகள்.

ஜவ்வரிசி ஒரே சீராகக் காய வேண்டுமானால், அதன்மேல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஆள் நடந்தால் இரண்டு கோடு விழும். ஒரு ஜோடியில் இடதுபக்கத்துக் கோடு நேராக ஓடியது. வலதுபக்கத்துக் கோடு மட்டும் ஒல்லியாக, நெளிந்து நெளிந்து போனது.

லாரியிலிருந்து சரிந்த கிழங்கு மூட்டையில், களத்தில் கூட நடந்த பெருமாயியின் வலதுகால் விரல் இரண்டு போனபோது, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் கமலவேணிதான். பெருமாயி இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

இருவருக்கும் ஒரே அளவுக் கால். ஒரு ஜோடி செருப்பை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்ட காலம் உண்டு. கமலவேணி செருப்பை உதறிவிட்டுத் தன் இடதுகாலைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அந்த நேர்க்கோட்டின் அகலம் இந்தக் கால்தான். அளவு தெரிந்த ஒரு பொருள் தரையில் கிடந்தால் போதும். அது பெரிதாகப் பெரிதாக உயரம் குறைகிறது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து, களத்தில் நான்கைந்து புள்ளிகள் ஓட ஆரம்பித்தன. மழைக்குப் பயந்து ஜவ்வரிசியைக் குவிக்கத் தொடங்கிவிட்டார்கள். கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன.

"அண்ணா, என் போன எடுங்க. 'களம் பெருமாயி'ன்னு இருக்கும். போட்டு என் காதுல வையுங்க."

ஆறு வருஷமாகக் கூப்பிடாத எண். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஆருங்க?"

"நாந்தான், கமலா."

"எந்தக் கமலா? களத்து வேலையெல்லாம் மனுசன் செய்வானான்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுப் போனாளே, அவளா?"

அன்று சொன்னதைப் பெருமாயி ஒரு சொல் பிசகாமல் நினைவில் வைத்திருந்தாள்.

"அவளேதான். வையறத அப்பறம் வையி. மேல பாரு."

"என்னமோ ஈயாட்டம் பறக்குது. உன்றதா?"

"என்றதுதான். கண்ணு தெரியாம நிக்குது. அதுக்குள்ள அறுபது ஊட்டுப் பொழப்பு இருக்குது புள்ள. செத்த நேரம் அள்ளாதீங்க."

"நனைஞ்சா மொதலாளிக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?"

"ஒரு ஓரம் மட்டும் உடு. அதுல எப்பவும் போல ஒரு நடை நடந்துட்டுத் தள்ளிப் போயிரு. ரெக்கை பட்டா வெட்டிப்புடும்."

"எங்க வந்து எறங்குவ?"

"நான் நடக்கற பக்கத்துல."

பெருமாயி போனை இடுப்பில் செருகிவிட்டாள் போலிருக்கிறது. சேலை உரசும் சத்தம்தான் வந்தது. திரையில், தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு புள்ளி தனியே பிரிந்து ஓரத்துக்குப் போனது. நடக்க ஆரம்பித்தது. நேர்க்கோடு ஒன்று, நெளிகோடு ஒன்று. இடதுபக்கம் இன்னோர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். போனுக்குள் முணுமுணுப்பாக, "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

சித்திரை வெயிலில் அந்த வெள்ளை கண்ணைப் பிடுங்கும். அந்த நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு, பெருமாயி எண்ணுவதைக் கேட்டுக்கொண்டேதான் அவளுக்கு இடதுபக்கமாகக் கமலவேணி நடப்பாள். இருபத்திரண்டு என்றால் சுவர் வந்துவிட்டது. ஒரு நாளும் முட்டிக்கொண்டதில்லை.

பெருமாயி விலகினாள். ஏழு சதவீதம்.

கமலவேணி கட்டைவிரலை மெல்லக் கீழே இழுத்தாள். கோடு நூலாக இருந்தது, சணலாயிற்று, கயிறாயிற்று. காற்று படத்தைத் தள்ளியது. தள்ளிய அளவு இழுத்துப் பிடித்தாள். கோடு நாடா அகலம் வந்தபோது ஜவ்வரிசி மணிகள் துள்ள ஆரம்பித்தன. அடுத்த கணம் இறக்கைக் காற்றில் களமே எழும்பித் திரையை மூடியது. எல்லாம் வெள்ளை.

"போச்சுங்களா?" என்றார் தனசேகர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரலை எடுக்கவில்லை. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

கண்ணைத் திறந்தபோது படத்தின் நடுக்கம் நின்றிருந்தது. வெள்ளை மெல்ல அடங்கியது. கேமராவுக்கு ஒரு சாண் தள்ளி, அசையாமல், ஒரு கால்தடம்.

"ஏம்புள்ள," போன் பேசியது. "உன்ற ஈ குந்திருச்சு. ஒரு கால் வளைஞ்சிருக்குது. அது போனாப் போகுது, கால்வாசி மூட்டை ஜவ்வரிசிய ஊதித் தள்ளிருச்சு. மழைக்கு முன்னால வந்து கூட்டு."

"வாரேன்."

வேன் களத்துக்குள் நுழைந்தபோது காற்றில் ஈர வாசனை வந்துவிட்டது. கார்டைக் கழற்றி, வேனில் இருந்த மடிக்கணினியில் செருகினாள். காலையில் எடுத்த காடுகள் மஞ்சள் மஞ்சளாக வரிசையாக வந்தன. நகல் எடுத்து முடித்துக் கார்டைத் தனசேகரிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பொத்தான்மேல் நம்பிக்கை இல்லாமல் கையையும் வைத்துக்கொண்டார்.

பெருமாயி நிமிரவில்லை. ஒரு துடைப்பத்தை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள். தலைத்துண்டுக்குக் கீழே நரைத்திருந்தது. கமலவேணி செருப்பைக் களத்தின் ஓரத்தில் விட்டுவிட்டு, துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, இடதுபக்கம் போய் நின்றாள். தரை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

நாலு வீச்சு கூட்டியான பிறகு பெருமாயி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"செருப்பு புதுசா?"

"ம். ஒரே அளவுதான். போட்டுப் பாரு."

"அதெல்லாம் அப்பறம் பாக்கலாம். மழை வருது, குனி."