தாத்தா வருவார்

பாண்டிச்சேரியில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்து, இரண்டு வருடமும் தேறாமல் ஊர் திரும்பிய மிராசுதார் சிவசுப்பிரமணியனை எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் 'ஐயா'வான 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் காது கேட்காது. அரியலூர் கடைத்தெருவில் நாக்கு புரளாத சிலர் 'மூசு' என்றார்கள். அதற்குத் திரும்பிப் பார்த்தார். வயலுக்குப் போகும்போது தொப்பி வைத்துக்கொள்வார். உழவு மாடுகளுக்கு வணக்கமாகப் 'பொன்ழூர்' சொல்வார். சுற்றுவட்டாரத்தில் அவருடைய பிரெஞ்சு எப்படி என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லாததால், அது மிக உயர்ந்த பிரெஞ்சு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

சுதந்திரம் வந்த மறு வருடம் மாசி மாதத்தில், பாண்டிச்சேரியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கல்லைப் பற்றி ஆராயும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஊர் ஓடையில் நத்தை மாதிரிச் சுருண்ட கற்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டும், ஓடைக்கரையிலேயே மூன்று மாதம் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்றிருந்தார். இடம் யாருடையது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும், வழக்கு வம்பு உள்ள இடம் தனக்கு வேண்டாம் என்றும் கேட்டிருந்தார்.

இடம் புறம்போக்கு. அதில் பதினேழு குடிசைகள் இருந்தன. முசியேவின் வயல்களில் நட்டதும் அறுத்ததும் அந்தப் பதினேழு வீட்டுக்காரர்கள்தான். ஆனாலும் தம் வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் விருந்தாளியாக வருவதற்கு முன்னால் பதினேழு குடிசை எம்மாத்திரம்? அவர் பேனாவை எடுத்தார்.

பிரெஞ்சில் வருங்காலம் எழுத அவரிடம் ஒரு சூத்திரம் இருந்தது. கல்லூரி நோட்டில் தாமே கண்டுபிடித்து எழுதிவைத்தது. தமிழில் 'வார்' வந்தால் பிரெஞ்சில் கடைசியில் 'ரா' போடு. 'வாங்க' வந்தால் 'ரோன்' போடு. இதைக் காட்டித்தான் இரண்டு வருடமும் தேறாமல் போனார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில், முசியே வீட்டிலிருந்து ஆண்டாயிக்கு ஆள் வந்தது. ஓடைக்கரையில் மூன்றாவது குடிசை அவளுடையது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு நீதிபதி வீட்டில் பன்னிரண்டு வருடம் ஆயா வேலை பார்த்துவிட்டு, புருஷன் இறந்தபிறகு ஊர் திரும்பியவள். மற்றவர்கள் மிராசுதாரை 'ஆண்டே' என்பார்கள். அவள் 'ஐயா' என்று நிறுத்திக்கொள்வாள். அது அவருக்குப் பிடிக்காது. ஆனால் துரைக்கு ஆம்லெட் போட வேறு ஆள் இல்லை.

ஒத்திகைக்காக அவள் முட்டை அடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் முசியே வரவேற்புரையைத் தூணுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மோன் கிராம்பேர் வியாந்த்ரா இசி தூ லே ழூர்."

ஆண்டாயியின் கை நின்றது.

"தாத்தா வராருங்களா, ஐயா?"

"எந்தத் தாத்தா?"

"உங்க தாத்தாதாங்க. தெனமும் இங்க வருவாருன்னு படிச்சீங்களே."

"ஆமா, வருவாரு. அந்தக் காலத்துல தெனமும் குதிரையில ஓடைக்கரைக்கு வருவாரு. அதான் எழுதியிருக்கேன்."

"தமிழ்ல அந்த 'வருவாரு' செத்தவருக்கும் ஆகுங்க. அவங்க பாஷையில இனிமே வரப்போறவருக்கு மட்டுந்தாங்க."

முசியே தொப்பியைக் கழற்றினார். கோபம் வரும்போது அவருக்குத் தலை வேர்க்கும்.

"பால் புட்டி கழுவினவ எனக்கு இலக்கணம் சொல்றியா?"

"கழுவறப்ப காது சும்மாதானங்க இருந்துச்சு."

அது உண்மை. நீதிபதியின் மனைவி மகனுக்குப் பாடம் சொல்லும்போது ஆண்டாயி அந்த அறையிலேயே துணி மடிப்பாள். ரே, ரா, ரா, ரோன், ரே, ரோன் என்று பையன் தடவித் தடவிச் சொல்வதற்குள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. இன்னொரு வருங்காலத்தை வேலையிலேயே கற்றாள். 'இல் வா தோம்பே' என்று அம்மாள் சொன்னால் குழந்தை இப்போதே விழப்போகிறது, ஓட வேண்டும். 'தோம்பெரா' என்றால் என்றைக்காவது விழும், கவலைப்பட்டால் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட முந்தைய ஆயாவை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"'வா' போட்டுப் பேசறது ஆயாங்க பிரெஞ்சு," என்றார் முசியே. "நான் எழுதறது மேல்தட்டுப் பிரெஞ்சு. நீ முட்டையைப் பாரு." பிறகு துரை எழுத்தில் கேட்டிருந்த தாளை எடுத்து அதன் கடைசி வரியை வாசித்தார். "ஈல் பார்த்திரோன்."

"யாருங்க போவாங்க?"

"நீங்கதான். பதினேழு குடிசையும். நாளைக்குத் துரை கையில இந்தத் தாளைக் குடுத்ததும் கெளம்பிடணும்."

ஆண்டாயி முட்டைப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆம்லெட்டை நீங்களே போட்டுக்குங்க, ஐயா. திருப்பிப் போடறப்ப மட்டும் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஓடைக்கரையில் விஷயத்தைக் கேட்ட பக்கத்துக் குடிசை அமாவாசை, "போயி கால்ல வுழுவமா?" என்று கேட்டான்.

"யாரு காலுல? அவரு தாத்தாவும் வராராம். ரெண்டு பேரு காலுலயும் வுழுவியா?"

"பின்ன என்னா செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேணாம். இங்கயே இருக்கறதுதான் செய்யறது. நாளைக்கு எல்லாரும் பந்தலுக்கு வாங்க."

மறுநாள் ஓடைக்கரையில் பந்தல் போட்டு, வெள்ளிப்பூண் போட்ட நாற்காலி ஒன்று கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அரியலூர் ரயிலடியிலிருந்து ஜட்காவில் வந்து இறங்கிய பிரெஞ்சுக்காரர் நாற்காலியைப் பார்க்கவேயில்லை. கையில் சிறு சுத்தியல் வைத்திருந்தார். நேராக ஓடையில் இறங்கி, ஒரு கல்லைத் தட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். முசியே வேறு வழியில்லாமல் வெயிலில் நின்று, கல்லின்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு வரவேற்புரை வாசித்தார். குடிசைக்காரர்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

என் தாத்தா தினமும் இங்கே வருவார் என்றார். பிரெஞ்சுத் தளபதிகளோடு சாப்பிடுவார் என்றார். எங்கள் வாசலில் நான்கு யானைகள் நிற்கும் என்றார். எல்லாம் ரா, ரோன்.

பிரெஞ்சுக்காரர் ஆர்வத்தோடு நிமிர்ந்தார். "வ்ரேமான்? கான்?" என்று கேட்டார். நிஜமாகவா, எப்போது?

"வீ, வீ," என்றார் முசியே. ஆமாம், ஆமாம்.

பிரெஞ்சுக்காரர் யானைகளுக்காகக் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கிப் படித்தார். அதில் மூன்று வரிகள் இருந்தன. இவர்கள் ஓடைக்கரையில் வசிப்பார்கள். என் தாத்தாவிடம் அனுமதி கேட்பார்கள். இவர்கள் போவார்கள். கீழே முசியேவின் கையெழுத்து, வாலோடு.

பிரெஞ்சுக்காரர் ஏதோ கேட்டார். முசியே "வீ" என்றார். மறுபடி கேட்டார். மறுபடியும் "வீ."

"இந்த மூணும் எந்த வரிசையில நடக்கும்னு கேக்கறாரு, ஐயா," என்றாள் கரையிலிருந்து ஆண்டாயி. அதையே பிரெஞ்சில் பிரெஞ்சுக்காரருக்கும் சொன்னாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

முசியேவுக்குத் தலை வேர்த்தது. "அவருகிட்ட சொல்லு. வசிப்பாங்கன்னா, அந்தக் காலத்துல எங்க தாத்தா தயவுல வசிச்சாங்கன்னு அர்த்தம். அதனால எடம் எங்களுது."

"சொல்றேங்க. அப்ப மூணாவது?"

"எது மூணாவது?"

"பார்த்திரோன். அதுவும் ரோன்தானுங்களே. மொத ரோன் பழசுன்னா இதுவும் பழசு. அந்தக் காலத்துல நாங்க எங்கயோ போவோம், வருவோம்னு ஆகுது. இப்ப கெளம்பறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. இது புதுசுன்னா மொதலும் புதுசு, நாங்க இங்கதான் இருப்போம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. மாத்தாம சொல்றேன்."

முசியே யோசித்தார். கல்லூரியில்கூட அவர் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

"மொத ரெண்டும் பழசு. மூணாவது மட்டும் புதுசு."

"செத்தவருகிட்ட அனுமதி கேக்கறது எதுல சேத்திங்க?" என்று அமாவாசை விசாரித்தான்.

ஆண்டாயி எல்லாவற்றையும் சொன்னபடியே சொன்னாள். அமாவாசை கேட்டதையும் விடவில்லை. பிரெஞ்சுக்காரர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள்.

"நூ நெ பார்த்திரோன் பா."

அதே பார்த்திரோன்தான். முன்னால் 'நாங்கள்', பின்னால் 'மாட்டோம்'.

பிரெஞ்சுக்காரர் தாளை மடித்து முசியேவிடம் திருப்பிக் கொடுத்தார். பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊரிலும் இதே கல் கிடைக்கிறதாம். தமக்கு வேண்டியது கல், வம்பு இல்லை என்றார். முசியே "வீ" என்றார். ஜட்கா கிளம்பிய பிறகுதான் விருந்தாளி போய்விட்டது அவருக்குப் புரிந்தது.

"வீரமுத்து," என்று காரியக்காரனைக் கூப்பிட்டார். "துரை போனா என்ன, எடம் எனக்கு வேணும். ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மொதக் குடிசையைப் பிரி."

வீரமுத்து இரண்டு ஆட்களோடு வந்தான். ஆண்டாயி போய் முதல் குடிசையின் வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் அமாவாசையின் பெண்சாதி தனம் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக, வாசல் தெரியாதபடி எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"எந்திரிங்க," என்றான் வீரமுத்து.

"மாட்டோம், போ."

"ஆண்டே, இதுங்க மேல கால வெச்சுத்தான் போவணும்," என்று அவன் முதலாளியைப் பார்த்தான். கூட வந்த ஆட்களில் ஒருவனுக்குத் தனம் சொந்தச் சின்னம்மா. அவன் கடப்பாரையைச் சத்தமில்லாமல் கீழே சாய்த்து வைத்தான்.

"நாளையிலேருந்து என் வயல்ல ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது," என்றார் முசியே.

"சரிங்க," என்றாள் தனம். "அறுப்பு நெல்லு முத்திக் கெடக்கு. நீங்க தொப்பி வெச்சுக்கிட்டு எறங்குங்க, வெயில் தெரியாது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தனம் ஆண்டாயியின் பக்கம் திரும்பி, "அந்த வெள்ளைக்காரருகிட்ட என்னக்கா சொன்ன? எனக்கும் சொல்லிக் குடு," என்றாள். ஆண்டாயி ஒரு தரம் சொன்னாள். தனம் சொன்னாள். அமாவாசை சொன்னான். கொஞ்ச நேரத்தில் பதினேழு வீட்டுக்காரர்களும் வாசலில் உட்கார்ந்தபடி "நூ நெ பார்த்திரோம் பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'ரோன்' அவர்கள் வாயில் 'ரோம்' ஆகியிருந்தது. கடைசிப் 'பா'வை மட்டும் மாடு ஓட்டுவதுபோல் ஓங்கிச் சொன்னார்கள்.

முசியே ரொம்ப நேரம் நின்று கேட்டார்.

"உச்சரிப்பு தப்பு," என்றார்.

ஆண்டாயி யாரையும் திருத்தவில்லை.