கப்டன் சொன்னபடி

பாலையூற்று அஞ்சலினாவுக்கு இங்கிலீஸ் விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது அவளுக்குப் பொருத்தமாகவும் இருந்தது. துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் அவளுக்கு வேலை. விபத்து ஏதும் நடந்தால் சம்பந்தப்பட்டவர்களின் வாக்குமூலத்தைப் போனில் பதிந்து டைப் பண்ணிக் கொடுப்பாள். பேச்சில் உள்ள கோணல்மாணலை எல்லாம் எடுத்துவிட்டு, தோய்த்து அயன் பண்ணிய சட்டை மாதிரித்தான் கொடுப்பாள். அந்தக் கந்தோரின் வழக்கமே அதுதான். மனேஜர் அல்பிரட்டுக்கு அதில் மகா பெருமை.

இந்தமுறை பேசியவர் அசல் இங்கிலாந்துக் கப்டன். இலக்கணம் அருவியாய்க் கொட்டும் என்று காத்திருந்தவளுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு வசனமாவது ஒழுங்காக முடிய வேண்டுமே! தொடங்குவார், பாதியில் விடுவார், வேறொன்றைப் பிடிப்பார். அஞ்சலினா இரக்கப்பட்டு எல்லாவற்றையும் நேராக்கினாள்: 'பொறுக்கச் சொன்னேன். அவன் கேளாமல் கயிற்றைக் கழற்றினான். கப்பல் விலகியதில் கரைக்குப் போட்டிருந்த ஏணி நொறுங்கியது.'

அந்த 'அவன்' றுமைஸ். கிண்ணியாக்காரன்; துறைமுக ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டி அவிழ்ப்பவன். கப்டன் கையெழுத்து வைத்தால் அவன் வேலை போய்விடும். மத்தியானம் அவனைக் கூப்பிட்டு, எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"வோக்கிடோக்கியில 'லெட் கோ', கயித்தை விடு எண்டு சொன்னபடியாத்தான் கழட்டினனான், மிஸ். அவர் இப்பிடியா சொன்னவர்?"

"ஓம், இப்பிடித்தான்."

றுமைஸ் தலையை ஆட்டினான். "அந்தாள் இவ்வளவு நேராக் கதைக்கிற ஆளில்ல, மிஸ்."

அஞ்சலினாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அது அடங்கியதும் பயம் வந்தது. நேராக்கியது அவள்தானே? பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள்.

'அவனிடம் லெட் கோ என்று... இல்லை, அதாவது, பொறு என்றுதான்...'

வாய் தடுமாறிவிட்டது என்று நினைத்து அவளே வெட்டி எறிந்த துண்டு. ஒரு மனிதனின் சோற்றில் மண் போடப் பார்த்தோமே என்று நெஞ்சு பதறியது. பதறிக்கொண்டே இருக்கிற பிறவி அவள் அல்ல. திக்கல், திணறல், பாதியில் விட்டது எதையும் மிச்சம் வைக்காமல் முதலிலிருந்து டைப் பண்ணினாள்.

அல்பிரட் திடுக்கிட்டுப்போனார். "என்ன அஞ்சலினா, இதெல்லாம் இங்கிலீசா? படிக்கிற ஆக்கள் கப்டனைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"இது அவர் கதைச்ச இங்கிலீஸ், சேர். என்ர இங்கிலீசுக்குக் கீழ அவர் கையெழுத்து வைக்க ஏலாது."

பின்னேரம் கப்டன் வந்து வாசித்தார். முகம் சிவந்தது. தான் ஒருநாளும் இப்படிப் பேசுவதில்லை என்றார். அஞ்சலினா மரியாதையாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, போனை அவர் முன்னால் வைத்துப் பதிவை ஓடவிட்டாள்.

கப்டன் தன் குரலைக் கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். அல்பிரட் வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கப்டன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"லெட் கோ என்றுதான் சொன்னேன்."

அவசரத்தில் வாய் முந்திவிட்டது என்றும், அந்த ஆளில் பிழை இல்லை என்றும் மெதுவாகச் சொன்னார். அஞ்சலினா அதையும் அப்படியே ஏற்றி, பிரிண்ட் எடுத்து நீட்டினாள். அவர் கையெழுத்து வைத்தார்.

வாசலில் றுமைஸ் காய்ந்த முகத்தோடு நின்றான். "என்ன மிஸ், திருத்தியாச்சா?"

"இல்ல. ஒரு சொல்லிலயும் கை வைக்கேல்ல. நாளைக்கு வழமைபோல வேலைக்கு வாங்கோ."