ஒரு ஜெபமாலை நேரம்

ஐஸ் பெட்டிக்கு அடியில் கையை விட்டு மார்ட்டின் கம்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர் வடியும் ரப்பர் குழாயில் ஏதோ அடைத்திருந்தது. காலை ஏழு மணியிலிருந்து தண்ணீர் வாளியில் விழாமல் தரையில் பரவி, பாயில் உட்கார்ந்திருந்த பெண்களின் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சுழற்றலில் பஞ்சுத் துணுக்கு ஒன்று வெளியே வந்தது. தண்ணீர் ஒழுங்காக வாளிக்குள் சொட்டத் தொடங்கியது.

“அவரு மாதிரியே கை,” என்றாள் அமலராணி.

காலையிலிருந்து அண்ணி பேசிய முதல் வார்த்தை அது. மார்ட்டின் கம்பியைத் துடைத்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் அண்ணன் பெனடிக்ட் வெள்ளை வேட்டி சட்டையில் படுத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. நேற்றுக் காலை, ஜீயபுரத்தைத் தாண்டிக் காவிரிக் கரையில் இருக்கும் படகுத் துறையில், ஒரு மோட்டார் படகின் அடிவயிற்றுக்குள் தலையைக் கவிழ்த்தபடி இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரையும் இருந்தது, வெயிலும் அதிகம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஓனர் மாலையோடு வந்து, நல்ல மனுஷன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

மாரடைப்பு இல்லை என்று நினைக்கக் காரணம் வைத்திருந்தவன் மார்ட்டின் ஒருவன்தான்.

அந்தத் துறையில் இரண்டு படகுகள். இரண்டும் கேரளக் காயலில் இருபது வருஷம் ஓடித் தேய்ந்து, பிறகு இங்கே வந்த ஃபைபர் படகுகள். மேலே ஆட்கள் உட்காரும் தளம், கீழே தண்ணீரில் மிதக்கும் ஓடு. நடுவில் ஒரு ஆள் தவழக்கூட இடமில்லாத இருட்டு. அந்த இருட்டில் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். உள்ளே இறங்கும் தண்ணீர் பின்பக்கம் ஓடிவந்து வெளியேற, ஒவ்வொரு சட்டத்திலும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை உண்டு. பழைய படகில் அவை சேறும் பிசினுமாக அடைந்துபோகும். தண்ணீர் முன்னால் தேங்கும். படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓடும். பெட்ரோல் டேங்கும் பழசு. அதிலிருந்து கசியும் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மேலே வராது, தேங்கிய தண்ணீரின்மேல் அப்படியே படுத்துக்கிடந்து, குனிகிறவன் மூச்சை அடைக்கும். அதை வெளியேற்றத்தான் தளத்தில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக வளைந்த குழாய்கள் வைத்திருந்தார்கள்.

அந்தப் படகுகளைப் பழுதுபார்த்துவந்த பெனடிக்ட்டுக்கு இதெல்லாம் அத்துப்படி. தளத்து மூடியைத் திறந்ததும் குனிய மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜெபமாலை முழுவதும் சொல்லி முடிப்பார். அதற்குள் ஆற்றுக் காற்று ஒரு குழாயில் இறங்கி மறு குழாயில் ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. கடிகாரம் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கணக்கு தப்பியதும் இல்லை.

போன ஆவணியில் அவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தபோது ஆறு நாளும் மழை பெய்தது. குழாய் வழியாக மழை இறங்கித்தான் படகில் தண்ணீர் சேர்கிறது என்று, துறையில் அவருக்குக் கையாளாக இருந்த மார்ட்டின் முடிவுகட்டினான். வெளியே அடைத்தால் அசிங்கமாக இருக்கும் என்று, தளத்துக்குக் கீழே கையை விட்டுக் குழாயின் உள்வாயில் ஃபைபர் துணியும் பிசினும் வைத்து ஒட்டினான். இரண்டு படகிலும் ஒட்டினான். வெளியே குழாய்கள் எப்போதும்போல வளைந்து நின்றன. அண்ணன் திரும்பி வந்து, தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். ஒரு மாதம் போகட்டும், அப்புறம் சொன்னால் மெச்சுவார் என்று மார்ட்டின் தள்ளிப்போட்டான். ஒரு மாதத்தில் தண்ணீர் மறுபடியும் ஏறியது. அதற்கப்புறம் சொல்ல வாய் வரவில்லை. மழையும் பனியுமான மாதங்களில் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை; வெயில் ஏறியதும் ஆவியும் ஏறியது.

அமலராணியிடம் எப்படிச் சொல்வது? பதினாலு வருஷமாக அவள் கைச் சாப்பாடு. அவளுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகாத மச்சினனும் புருஷனும்தான் வீடு. இப்போது மச்சினன் மட்டும்.

இரண்டரை மணிக்கு ரஞ்சித் வந்தான். இரண்டாம் நம்பர் படகை ஓட்டுகிறவன், ஸ்ரீரங்கத்துக்காரன். நேற்று அண்ணனை வெளியே இழுத்துப் போட்டவன் அவன்தான். பெட்டியைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு மார்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே, இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். ரெண்டாம் நம்பர்லயும் தண்ணி நிக்குது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டம் வரும்னு ஓனர் நச்சரிக்கிறாரு. காலையில நானே குனிஞ்சு ஓட்டையக் குத்தி விட்டுடறேன்.”

“வேணாம். நான் பாத்துக்கறேன்.”

“நீங்க எப்படிண்ணே வருவீங்க? அண்ணன் செய்யறத நான் பாத்திருக்கேன்ல. என்ன, எனக்கு ஜெபமாலை தெரியாது. ரெங்கநாதர் பேரை நூத்தெட்டு தடவை சொல்லிக்கிறேன்.”

“இறங்காதன்னா இறங்காத.”

குரல் தன்னையறியாமல் உயர்ந்துவிட்டது. பெண்கள் ஜெபத்தை நிறுத்தினார்கள். அமலராணி திரும்பினாள்.

“ஏன் இறங்கக் கூடாது?”

படகு மோசமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறந்ததும் அதைச் சொல்லத்தான். ஆனால் அதற்கெல்லாம் ரஞ்சித் கேட்கிற ஆளில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு எப்படியும் போய்க் குனிந்துவிடுவான். மார்ட்டின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஆவணி மாத மழை, ஃபைபர் துணி, பிசின், இரண்டு படகு, உள்பக்கம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

ரஞ்சித் எழுந்து வாசலுக்குப் போய் போனில் ஓனரிடம் பேசினான். நாளைக்கு எந்தப் படகும் எடுக்க முடியாது என்று அவன் சொன்னது உள்ளே கேட்டது. அவன் திரும்பி வந்ததும் அமலராணி அவனிடம் கேட்டாள்.

“நேத்து ஜெபமாலை சொன்னாரா?”

“முழுசும் சொன்னாருக்கா. சிலுவைக்கு முத்தம் குடுத்துட்டுதான் குனிஞ்சாரு. நான் டீ வாங்கிட்டு வரதுக்குள்ள...”

அவள் தலையசைத்தாள். பிறகு மார்ட்டினிடம், “அவர்கிட்ட நீ சொல்லவே இல்லையா?” என்றாள்.

“இல்ல அண்ணி.”

அவள் பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி ஈரம் படிந்தது. மறுபடியும் துடைத்தாள். பெண்களில் ஒருத்தி தாழ்ந்த குரலில் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்றரைக்குச் சவப்பெட்டிக்காரர் பிச்சை பெட்டியைக் கொண்டுவந்தார். பொன்மலையில் முப்பது வருஷமாக அந்தத் தொழில் அவருடையது. பூப்போட்டார்கள், நெற்றியில் சிலுவை போட்டார்கள். மாதா கோவில் மணி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கியது. கடைசியாக மூடியை வைத்ததும் பிச்சை திருப்புளியை நீட்டினார். அவர்கள் குடும்பங்களில் மூடியை முடுக்குவது உடன்பிறந்தவன் வேலை.

“வா தம்பி. நேரமாச்சு.”

மார்ட்டின் கை நீட்டவில்லை. பிச்சை அவனையும் கூட்டத்தையும் பார்த்தார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

அமலராணி எழுந்து வந்து அதை வாங்கினாள்.

பெண்கள் செய்வதில்லையே என்று யாரோ முனகியது கேட்டது. அவள் தலைமாட்டில் மண்டியிட்டு முதல் திருகாணியைப் பொருத்தினாள். பழக்கமில்லாத கை; திருப்புளி வழுக்கியது, மூடி ஒரு பக்கமாக நகர்ந்தது. இன்னொரு முறை வைத்தாள். மறுபடியும் நகர்ந்தது.

மார்ட்டின் எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, மூடி அசையாதபடி இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் அழுத்தினான்.

திருகாணி மரத்துக்குள் இறங்கியது. அமலராணி அந்தக் கைகளைப் பார்த்தாள். எடுக்கச் சொல்லவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து அடுத்த திருகாணிக்குப் போனாள்.