பிரேக் இன்ஸ்பெக்டர் நாளை வருவார்

ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்ததும் ஜோன்ஸ் கால்மாட்டுக்குப் போய் நின்றுகொண்டான். தலைமாட்டில் நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். நேற்று இந்நேரம் உயிரோடு இருந்த தங்கை புருஷன் கிங்ஸ்லி, வெள்ளைத் துணிக்குள் ஆஸ்பத்திரி மருந்து வாடையோடு புன்னைக்காயலுக்குத் திரும்பி வந்திருந்தான். நாலு பேராகத் தூக்கி இறக்கினார்கள். ஜோன்ஸின் கைகள் வெடவெடவென்று நடுங்கின. கூடத் தூக்கியவர், மச்சானுக்குத் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நடுக்கம் பயத்தில் வந்தது.

கிங்ஸ்லி ஓட்டிப் போய்ச் செத்த மோட்டார் சைக்கிள் ஜோன்ஸுடையது.

ஜோன்ஸ் பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு கங்கைகொண்டானில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தான். மீன்பிடிக்கிற வள்ளத்து எஞ்சினுக்குச் சாமான் வாங்க வருகிற கிங்ஸ்லி, திரும்பும்போது வண்டியைக் கேட்பான். பஸ் என்றால் ஏறி இறங்கிச் சாமானைச் சுமக்க வேண்டும். இரண்டு நாளில் கொண்டுவந்து விட்டுவிடுவான். தங்கை புருஷன் கேட்டு இல்லை என்று சொல்லுகிற தைரியம் அந்தப் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது? ஜோன்ஸுக்கும் இல்லை. அதனால் அவன் ஒரு தந்திரம் வைத்திருந்தான். மாப்பிள்ளையின் குரல் வாசலில் கேட்டதும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவான். சாவியை மனைவி மார்கரெட் எடுத்துக் கொடுப்பாள். மனசில்லாமல் கொடுக்கிற பொருளைத் தன் கையால் கொடுக்காததில் அவனுக்கு ஒரு அற்ப திருப்தி.

நேற்றும் அதே குளியல்தான்.

வண்டியின் முன் பிரேக்கில் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. முதல் பிடிக்குக் கம்பி சும்மா கைக்குள் வந்துவிடும். விட்டுவிட்டு இரண்டாம் தடவை பிடித்தால்தான் வண்டி நிற்கும். மாற்றியே ஆக வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்காரர் சொல்லி இரண்டு மாதம் இருக்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டதில் ஜோன்ஸின் கை அதற்குப் பழகிவிட்டது. குளியலறைக் கதவைத் திறந்து, ரெண்டு தடவை பிடிக்கணும் மாப்ள என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வெளியே போனால் தானே மனசாரக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று வீம்பாக உள்ளேயே இருந்துவிட்டான்.

ஆழ்வார்திருநகரிக்கு முந்தின வளைவில், வயலுக்குள் இருந்து வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டுக்கு ஏறியிருக்கிறது. கிங்ஸ்லியின் வண்டி நிற்கவில்லை.

துஷ்டி வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போன் பேசிக்கொண்டே போயிருப்பான் என்றார் ஒருவர். கண்மண் தெரியாத வேகம் என்றார் இன்னொருவர். குடித்திருப்பானோ என்றுகூட ஒரு குரல் கேட்டது. செத்தவன்மேல் பழி விழ விழ ஜோன்ஸுக்கு மூச்சு கொஞ்சம் இலேசாயிற்று. அதை உணர்ந்தபோது தன்னை நினைத்தே அவனுக்குக் குமட்டியது.

கிங்ஸ்லியின் சித்தப்பா மரிய அந்தோணி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கி. நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாராம். வண்டி ஒம் பேர்லதான இருக்கு, நீ போவணும்லே."

விபத்தான வண்டியைச் சோதிக்க வருகிற அதிகாரிக்கு அங்கெல்லாம் அதுதான் பெயர். எத்தனையோ தடவை கேட்ட பெயர்தான். இன்றைக்குத்தான் அதில் இருக்கிற பிரேக் என்ற வார்த்தை அவன் காதில் விழுந்தது. கம்பியை ஒரு தடவை பிடித்துப் பார்த்தால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு கேஸ், பிறகு ஜெயில். எல்லாவற்றுக்கும் மேலே, தங்கை ஃபிளோராவுக்குத் தெரிந்துவிடும்.

சமையல் குசினிக்குப் பின்னால் மார்கரெட் தனியாக நின்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள், யாரிடமும் தான் எதையும் சொல்லவில்லை என்றாள். அவன் திரும்பப் போனபோது, சொல்லாமல் இருக்க முடியாதவள்போல மெதுவாகச் சொன்னாள்.

"சாவிய வாங்கிட்டு கிங்ஸ்லி அண்ணன் உடனே போவல. மச்சான் வரட்டும், ஒண்ணு சொல்லணும்னாக. ரொம்ப நேரம் நின்னாக. நீங்க வரல."

ஜோன்ஸுக்குத் தெரியும். வாசலில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தான்.

பங்குச்சாமி வந்து ஜெபம் சொல்லி உடலை மந்திரித்தார். கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். எல்லோரும் ஒரு கை மண் போட்டார்கள். ஜோன்ஸ் குனிந்து அள்ளியபோது யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டார்கள். போலீஸ்தான் என்று உடம்பு தூக்கிப்போட்டது. வேறு யாரும் இல்லை, அடுத்த ஆளுக்கு வழிவிடச் சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஃபிளோரா உள் அறைக்கு அவனைக் கூப்பிட்டுவிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூட இருந்த பெண்களைக் காப்பி குடிக்க அனுப்பினாள். ஜோன்ஸ் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். எப்படியும் நாளைக்குத் தெரியத்தான் போகிறது. தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

"ஃபிளோரா, அந்த முன் பிரேக்கு..."

"தெரியும்ணே."

அவள் குரல் அழுது அழுது கம்மியிருந்தது.

"போன தடவ எடுத்துட்டு வந்தப்பவே அவுக சொன்னாக, ரெண்டு தடவ பிடிச்சாத்தான் நிக்குன்னு. அண்ணன்ட்ட சொல்லுங்கன்னேன். இரவல் வண்டிக்கு நொட்ட சொல்லச் சொல்லுதியா, மச்சான் என்ன நெனப்பாருன்னாக. தெரிஞ்சும் அந்த நேரம் கை மறந்திருக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இந்தத் தடவ எப்படியும் சொல்லிருதேன்னுட்டுத்தான் போனாக. சொன்னாகளாண்ணே?"

பொய் சொல்ல அவனுக்கு ஆசையாக இருந்தது.

"நான் குளிச்சிட்டு இருந்தேன்."

ஃபிளோரா அவனையே பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் குளித்துக்கொண்டுதான் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கிங்ஸ்லி சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். அவள் எழுந்து அடிக்கப்போகிறாள் என்று ஜோன்ஸ் எதிர்பார்த்தான். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"நாளைக்கு அந்த ஆளு என்ன கேட்டாலும், வண்டி நல்லாத்தான் இருந்துச்சி, அடிபட்டதுலதான் பிரேக்கு போயிருக்கும்னு சொல்லு," என்றாள். "நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு ஆரு இருக்கா?"

"அப்பம் தப்பு மாப்ள மேலல்லா போவும்?"

பந்தலில் பேச்சு திரும்பவும் வேகத்துக்கே வந்திருந்தது. கிங்ஸ்லி எப்போதுமே அப்படித்தான் ஓட்டுவான் என்று யாரோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபிளோரா சுவரைப் பிடித்து எழுந்தாள். பைய நடந்துபோய் பந்தலைப் பார்த்த ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.