எண்பத்திரண்டு சதவீதம்

எங்கள் மாட்டுப் பண்ணையில் இரவானால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவோம். கம்ப்யூட்டருக்குத் தினமும் காலையில்தான் உயிர் வரும். வந்ததும் அது செய்யும் முதல் வேலை என் உயிரை வாங்குவது.

காரணம் என் புருஷன் கிளைவ். கண்ணாடி போட்டுக்கொள்ள அவனுக்கு மானம் இடம்கொடுக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கும் புரோகிராம் ஒன்றை எப்போதோ ஏற்றிவைத்துவிட்டான். அந்தச் சனியன் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே கிளம்பி, நான் முதல் நாள் சரிசெய்த திரை அளவைக் கலைத்துவிடும். எல்லாம் வீங்கிப்போய், தண்ணீர்த் தொட்டிகளில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பட்டியலில் கடைசி வரி திரைக்குக் கீழே ஓடிவிடும். அந்த வரிதான் ஒன்பதாம் தொட்டி. வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர். அங்கே மேயும் இருநூறு மாடுகளுக்கும் அதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. எங்கள் பக்கம் ஜனவரிதான் உச்சக் கோடை, நிழலிலேயே நாற்பத்துநான்கு டிகிரி.

கிளைவிடம் சொன்னால், ஓடுகிறதை ஏன் நோண்டுகிறாய் என்பான். தினமும் அதோடு மல்லுக்கட்டுவது அவனா, நானா?

ஒருநாள் பொறுமை போய்விட்டது. தானாகக் கிளம்பும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். இருபத்துமூன்று இருந்தன. எப்போதோ குப்பைக்குப் போன பிரிண்டருக்கு மட்டும் நாலு. பெயரைப் பார்த்தால் எது எதற்கென்று ஒரு எழவும் புரியவில்லை. தொட்டிப் பட்டியலை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் அத்தனையிலும் டிக்கை எடுத்துத் தொலைத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் சட்டென்று கிளம்பியது. ஒன்பது வரிகளும் பளிச்சென்று தெரிந்தன. ஒன்பதாம் தொட்டி, எண்பத்திரண்டு சதவீதம். எனக்கு ஒரே பெருமை.

கிளைவ் இரண்டு நாளைக்கு ஒருமுறை வண்டியை எடுத்துக்கொண்டு எல்லாத் தொட்டிகளையும் பார்த்துவருவான். அந்த வாரம் வேலி வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஒன்பது எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"நிறைய இருக்குய்யா. இந்த வெயில்ல அவ்ளோ தூரம் போய்ப் பார்த்துத்தான் ஆகணுமா?"

அவன் போகவில்லை. அடுத்த சுற்றும் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலை தேநீரோடு உட்கார்ந்தேன். எண்பத்திரண்டு. நேற்றும் எண்பத்திரண்டு. முந்தாநாளும் அதேதான். இருநூறு மாடு குடிக்கிற தொட்டியில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அசையாமல் எப்படி இருக்கும்? நான் டிக்கை எடுத்த பட்டியலை மறுபடி திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தொட்டியிலிருந்து ரேடியோ வழியாக வரும் அளவை வாங்கித் தருவதற்கென்று தனியாக ஒரு புரோகிராம் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்தே நான் நிறுத்தியிருந்தேன். திரையில் இருந்தது ஐந்து நாளைக்கு முந்தைய அளவு.

கிளைவிடம் சொல்லி, இருவரும் வண்டியில் ஒன்பதாம் தொட்டிக்கு விரைந்தோம். குழாய் வெடித்துத் தொட்டி காலியாகியிருந்தது. கசிந்து நனைந்த மண்கூடக் காய்ந்து வெடித்திருந்தது. மாடுகள் தொட்டியைச் சுற்றியே கிடந்தன. பல எழுந்து நின்றன. எழ முடியாத சில தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன.

"ஏதாவது திட்டேன்யா," என்றேன்.

"எதுக்குத் திட்டணும்? நீ நிறைய இருக்குன்னு சொன்னே. நானும் நம்பிட்டு இருந்துட்டேன்."

இருக்கைக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுத்தான்.

"நீ வண்டியிலயே இரு, மார்னி. காதைப் பொத்திக்கோ."

நான் பொத்திக்கொள்ளவில்லை. பதினேழு தடவை சுட்டான்.