காதில் ஊற்றிய நல்லெண்ணெய்

கதவைத் திறந்ததுமே ஜோவான் மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா, ஊறுகாய் போட்டீங்களா? வீடே பூண்டு வாசமா இருக்கு!"

"ஆமாண்டி, மாங்காய் ஊறுகாய்" என்றாள் எல்ஸி.

அது பொய். மகள் கைப்பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் ஒரு பொய்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை அது. ஒன்றரை மணி நேரத் தூரத்திலுள்ள தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜோவான், ஈப்போவை ஒட்டிய லகாட்டில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். அம்மாவைவிட முக்கியமாக, கோப்பியைப் பார்க்க. பழுப்பு நிறத்தில், தொங்கும் காதுகளோடு, ஜோவான் குட்டியாக எடுத்து வந்த நாய்.

ஜனவரியில் கோப்பி ஓயாமல் தலையை உதறியது. காதிலிருந்து பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி வடிந்தது. புளித்த மாவு நாற்றம். அக்குளும் வயிறும் கறுத்துத் தடித்துவிட்டன. ஈப்போவிலுள்ள கால்நடை மருத்துவர் பஞ்சால் காதைத் துடைத்து, அதை நுண்ணோக்கியில் பார்த்தார்.

"ஈஸ்ட். ஒரு வகைப் பூஞ்சை. ஈரமும் எண்ணெய்ப் பசையும் இருந்தால் பெருகும்."

வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு. நுரையைப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு அலச வேண்டும். நன்றாக உலர்த்த வேண்டும். காதைத் துடைத்துவிட்டு, காலையும் மாலையும் சொட்டு மருந்து. நாற்றம் போனாலும் நிறுத்தக்கூடாது, திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அன்றைக்குக் காரில் ஜோவான் சொன்னாள்: "இங்க பாருங்கம்மா, ஈஸ்டருக்குள்ள சரியாகலன்னா நான் இவன தஞ்சோங் மாலிமுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். இப்பதான் நாய் வச்சுக்கிற மாதிரி வாசல் வச்ச வீடு கிடைச்சிருக்குல்ல."

எல்ஸியின் கணவர் சூசைநாதன் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை முடிந்து வந்தால், அவள் வாய் திறந்து பேசுவது அந்த நாயோடுதான்.

முதல் மூன்று வாரம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். நாற்றம் போனது. சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்தாலே கோப்பி கட்டிலுக்கடியில் ஒளிந்து நடுங்கியது. பாவமாக இருந்தது. நிறுத்திவிட்டாள்.

மார்ச் மாதத்தில் நாற்றம் திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக. ஜோவான் வர இரண்டே வாரம். மருத்துவரிடம் போனால், அங்கே பதிந்திருக்கும் ஜோவானின் கைப்பேசிக்குத்தான் முதலில் தகவல் போகும். எல்ஸி அடுப்பைப் பற்றவைத்தாள். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் இரண்டு காதிலும் ஊற்றினாள். பிள்ளைகளுக்குக் காதுவலி வந்தால் அவள் வீட்டில் எப்போதும் அதுதான் மருந்து. வயிற்றுக்குத் தேங்காயெண்ணெய். பூண்டு வாசனையில் நாற்றம் அமுங்கியது. தினமும் ஊற்றினாள்.

"கோப்பி! டேய் கோப்பி!" ஜோவான் கூப்பிட்டாள்.

சமையலறையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த நாய் அசையவில்லை.

"என்னடா, எம்மேல கோவமா? பெரிய துரை இவரு!" சிரித்துக்கொண்டே கை தட்டினாள். பிறகு சட்டிமூடியை எடுத்துத் தரையில் போட்டாள். அந்தச் சத்தத்துக்கும் அது திரும்பவில்லை.

ஜோவானின் சிரிப்பு நின்றது.

ஒரு மணி நேரத்தில் ஈப்போவில் இருந்தார்கள். மருத்துவர் கோப்பியின் காதில் விளக்கடித்துப் பார்த்தார்.

"நான் கொடுத்த மருந்தைத் தவிர வேறு ஏதாவது போட்டீர்களா?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றாள் எல்ஸி.

மருத்துவர் மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டார். கோப்பி முனகியது. வெள்ளைத் துணியில் அவர் எடுத்து வைத்தது, நசுங்கிப் பழுப்பேறிய ஒரு சின்னப் பூண்டுத் துண்டு.

எல்ஸி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு" என்றார் மருத்துவர். குரலில் கோபமில்லை. "இரண்டு செவிப்பறைகளும் ஓட்டையாகிவிட்டன. இடது காது இனி கேட்காது. வலது காதைச் சுத்தம் செய்து, மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் பார்த்தால், கொஞ்சம் திரும்பலாம். உறுதியாகச் சொல்ல முடியாது."

காரில் ஏறியதும் ஜோவான் வெடித்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? ஒரு போன் போட்டா போதும்லா!"

"உனக்குச் சின்னப்புள்ளைல இதத்தான் ஊத்துனேன். நீ நல்லாத்தான இருக்க?"

"நான் நாயாம்மா?"

"சரியாகலன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்னு சொன்னியேடி."

ஜோவான் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "சரி விடுங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் இங்கயே இருக்கட்டும். சனிக்கிழமை தவறாம வாரேன்" என்றாள்.

எல்ஸி கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். பின்சீட்டில் கோப்பி தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது.

"வேணாம். கூட்டிட்டுப் போ" என்றாள்.

"அம்மா..."

"மூணு மாசம், ஒரு நாள் தவறக்கூடாதுன்னாரு. இவன் நடுங்குனா என் கை நின்னுடும் ஜோ. நாத்தம் வந்தா மறுபடியும் மறைப்பேன். என்னைய எனக்குத் தெரியும். ஒரு காதாவது மிஞ்சட்டும்."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜோவான் கிளம்பினாள். ஷாம்பு, பஞ்சு, சொட்டு மருந்து எல்லாவற்றையும் எல்ஸியே ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள். கோப்பி முன்சீட்டில் ஏறி, சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"போய்ட்டு வாடா கோப்பி" என்றாள் எல்ஸி.

அது சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டில்கூடக் கேட்டிருக்கும்.

ஜோவான்தான் அதன் தாடையைப் பிடித்து, மெதுவாக அம்மாவின் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் கோப்பியின் வால் ஆடியது.