கனகத்தின் இரண்டு கைகள்

...இழுக்கக் கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும், துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தால் காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் ஜாஸ்மின் சொல்லியிருந்தாள், கனகமும் காத்திருந்தாள், பலகைமேல் நீட்டியிருந்த புருஷனின் வலது காலைப் பார்த்தபடி... காத்திருப்பது அவளுக்குப் புதிதா என்ன, ஒரகடம் கூட்டுரோட்டில் மறைமலை நகர் கம்பெனி பஸ் திரும்பும் சத்தத்துக்குக் காது கொடுத்தே உலை வைத்தவள், ஒரு சாயங்காலம் பஸ் வந்தது, ஆள் வரவில்லை, கூட வேலை செய்கிற யாக்கோபு வந்து வாசலில் நின்றார், இரும்பு வார்க்கும் பவுண்டரியில் சுடச்சுட ஒரு துண்டு பலராமன் காலில் விழுந்துவிட்டதாம், பெரிய காயமில்லையாம், சொல்லும்போது தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்... உடம்பில் சர்க்கரை இருப்பது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த பிறகுதான் தெரிந்தது, தெரியாமல் எத்தனை பாயசம் ஊற்றியிருப்பாள் இந்தக் கையால்.

இந்தக் கையைத்தான் இப்போது முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். துணி நழுவி வந்தது. இனி வாயைத் திறக்கக் கூடாது, திறந்த புண்மேல் மூச்சுக்கூட நேராகப் படக் கூடாது என்று ஜாஸ்மினின் கண்டிப்பு, அது அவளுக்குத்தான், அவருக்கில்லை, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டேயிருப்பார், புண்ணை ஒரு நாளும் பார்த்ததில்லை. "இன்னா கனகம், இட்லிப் பானைல துணிய வேக வெக்கிற, இட்லி எப்ப வெப்ப?" என்கிறார், அடுத்த மாசம் ஷூ போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விடலாமாம், சூப்பர்வைசரே சொல்லியனுப்பினாராம்... எந்தக் காலில்? கட்டைவிரலில் நேற்று நகத்தோடு நின்றிருந்த கறுப்பு இன்று அடிவரை இறங்கியிருந்தது. விரலைத் தாண்டினால் கணுக்காலோடு எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார், வெளியே வந்ததும் ஜாஸ்மின்தான் தோளைத் தொட்டு, "அமுக்கனா வலிக்குதுன்னு சொல்றாருல்ல, அதான்க்கா நல்லது, வலி இல்லன்னாதான் பயம்" என்றாள், புருஷனும் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அன்றிலிருந்து தினமும் கட்டு அவிழ்க்குமுன் புண்ணின் ஓரத்தில் மெல்ல அமுக்கிப் பார்க்கிறாள், தினமும் அவர் முகம் சுளிக்கிறார், அந்தச் சுளிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது, உலகத்தில் எந்தப் பெண்டாட்டியாவது புருஷனுக்கு வலிக்க வேண்டும் என்று கோயிலில் விழுந்திருப்பாளா...

நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தாள், ஒரு பஞ்சு ஒரு துடைப்புக்குத்தான், துடைத்ததைத் தூர எறிந்துவிட்டு அடுத்தது. பிறகு புதுத் துணியை எடுக்க இடுக்கியோடு பானைப் பக்கம் திரும்பினாள், ஆவியில் வெந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், அப்போது முதுகுக்குப் பின்னால் அவர், "ஸ்ஸ்... மெதுவா புடி கனகம், உயிர் போவுது" என்றார்.

அவளுடைய இரண்டு கைகளும் பானைமேல் இருந்தன. பலகையில் கால் தனியாகக் கிடந்தது, ஒரு ஈகூட உட்காரவில்லை. திரும்பிப் பார்த்தாள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தார், நன்றாகத்தான் கடித்திருந்தார்... அப்படியானால் நேற்றுச் சுளித்தது? அதற்கு முந்தின நாள், ஜாஸ்மினிடம் ஓடிப்போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னாளே, அன்று? சத்தம் போட்டுக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனாள், புண் திறந்திருந்தது. துணியின் ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடித்து, உள்பக்கம் விரல் படாமல் கொண்டுவந்து புண்ணை மூடினாள், பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டினாள். "ஆயிடுச்சுங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாள், வலிக்கிறவரிடம் சொல்கிற அதே குரலில். அவர் முகம் தளர்ந்தது. அந்தக் குரல் எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது, இத்தனை நாளும் இதே குரலில்தானே வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் காலைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு...